மழை நுழையாத துணி வழியே வியர்வை வெளியேறுவது எப்படி?

ரப்பர் பூசிய மழைக்கோட்டை அணிந்து மலையேறுபவர், மழையில் நனையாவிட்டாலும் தம் வியர்வையிலேயே நனைந்துபோவார். குளிர்ந்த மலைப்பகுதியில் இந்த ஈரம் உடல் வெப்பத்தை விரைவாகக் கவர்ந்து உயிருக்கே ஆபத்தை உண்டாக்கக்கூடும். நீரை உள்ளே விடாமல் நீராவியை மட்டும் வெளியே விடும் துணிக்கான தேவை அங்கிருந்துதான் பிறந்தது.

அதற்கான மூலப்பொருள், 1938-ல் அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டூபாண்டின் ஆய்வகத்தில் வேதியியலாளர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த, டெஃப்ளான் என்ற பெயரில் நாம் அறிந்த பாலிமர். 1969-ல் அமெரிக்காவில் வேதிப் பொறியாளர் ராபர்ட் கோர், சூடேற்றிய டெஃப்ளான் தண்டுகளை மெதுவாக இழுத்து நீட்ட முயன்றபோதெல்லாம் அவை அறுந்துபோயின. பொறுமை இழந்து ஒன்றை வெடுக்கென்று இழுத்தபோது, அது அறுபடாமல் பல மடங்கு நீண்டது. அப்படி நீண்ட பொருள் பெரும்பாலும் காற்றாலும், அதனூடே பின்னிய மெல்லிய இழைகளாலும் ஆனதாக இருந்தது. மழைக்கோட்டுத் துணியின் உட்புறம் ஒட்டப்படும் கோர்-டெக்ஸ் என்ற மெல்லிய சவ்வு இதிலிருந்து உருவாகி, 1976-ல் விற்பனைக்கு வந்தது.

இந்தச் சவ்வின் நுண்துளைகள் மழைத்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியவை, நீராவி மூலக்கூறைவிடப் பல நூறு மடங்கு பெரியவை என்பது வழக்கமான விளக்கம். அது தவறல்ல, ஆனால் போதுமானதும் அல்ல. நீர் கெட்டியான கோலிக்குண்டு அன்று. வளைந்து நெளிந்து எவ்வளவு சிறிய துளைக்குள்ளும் புகக்கூடியது. டெஃப்ளானில் நீர் ஒட்டுவதில்லை என்பதே அதைத் தடுத்து நிறுத்துகிறது. ஒட்டாத பரப்பில் நீரின் பரப்பு இழுவிசை அதைத் துளைக்கு வெளியே பிடித்து வைக்கிறது. துளை எவ்வளவு சிறிதோ, நீரை உள்ளே தள்ளுவதற்கு அவ்வளவு அதிக அழுத்தம் வேண்டும். உடலிலிருந்து சுரக்கும் எண்ணெய்ப்பசை துளைகளில் படிந்தால் இந்தக் குணம் கெட்டுவிடும். தொடக்ககால ஆடைகள் சில ஒழுகியதற்கு அதுவே காரணம். பின்னர் உட்புறத்தில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் சேர்க்கப்பட்டது. அதில் துளைகள் இல்லை. நீராவி அதில் கரைந்து, ஊடுருவி மறுபுறம் வெளியேறுகிறது.

சவ்வு வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளுவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடைக்குள் நீராவி அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் நீராவி நகரும். 33 பாகை வெப்பமும் ஈரமும் நிறைந்த ஆடைக்குள் அந்த அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். 5 பாகைக் குளிரில் மழை பெய்யும்போது வெளியே அது 1 கிலோபாஸ்கலுக்கும் குறைவு. 30 பாகை வெப்பத்தில் பெய்யும் வெப்பமண்டல மழையிலோ வெளி அழுத்தமே 4 கிலோபாஸ்கலைத் தாண்டிவிடும். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த மழைக்கோட்டும் புழுக்கத்தை அதிகம் குறைக்காது.

அதேபோல், வெளித்துணியில் பூசப்படும் நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்தால், சவ்வு நன்றாக இருந்தாலும் துணி நீரில் ஊறிக் கனத்துவிடும். அந்த நீர்ப்படலம் நீராவியின் வழியை அடைத்து, ஆடையைக் குளிரவும் வைக்கும். உள்ளே வியர்வை தேங்க, கோட்டு ஒழுகுவதாகவே அணிந்தவர் நினைப்பார். சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களே நெடுங்காலம் இப்பூச்சாகப் பயன்பட்டன. இப்போது அவற்றைக் கைவிட்டு வருகிறார்கள். ஃபுளோரின் இல்லாத பூச்சு நீரை விலக்கினாலும் எண்ணெயை அவ்வளவாக விலக்காது என்பதால், அத்தகைய ஆடையை அடிக்கடி துவைப்பது அவசியம். துவைத்தபின் மிதமாகச் சூடேற்றினால், கலைந்துபோன பூச்சு மூலக்கூறுகள் மீண்டும் நிமிர்ந்து நிற்கும். அதன் பிறகும் தெளித்த நீர் உருண்டோடாமல் துணியில் பரவினால், புதிதாகப் பூச்சு இட வேண்டும்.