மரம் நட்டாச்சு, பட்டா யார் பேரில்?

சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்தில் தோட்டங்கள் தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாறும்போது ஓரமாக ஒரு துண்டு நிலம் தப்பிக் கிடக்கும். ஓடைக்கரையாக இருக்கும், இல்லை தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயம் இருந்த மேடாக இருக்கும். நாலு பேர் சேர்ந்து கோத்தோங் ரோயோங் (கூட்டு உழைப்பு) போட்டுக் குப்பையை அள்ளி, மரமும் நட்டுவிடுவார்கள். நகரத் திட்டமிடல் வேலையில் இருக்கும் என்னிடம் அந்தப் படங்களைக் காட்டுவார்கள். நிலம் யார் பேரில் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். கோலாலம்பூரின் ரிம்பா கியாரா பூங்கா, புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தின் மிச்சம். 1980களில் தோட்டம் அரசின் கைக்குப் போக, பால்மரம் சீவிய நம் குடும்பங்கள் தற்காலிக லயவீடுகளுக்குப் பெயர்ந்தன. நிரந்தர வீடு தருவதாகச் சொன்னது இழுத்துக்கொண்டே போனது. குன்றுப் பகுதியில் தன்னார்வலர்கள் மரம் நட்டு வளர்த்தார்கள். 2017இல், சுமார் 25 ஏக்கர் பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடி கட்ட அனுமதி கிடைத்தது. நகர வளர்ச்சிக்கு வழிகாட்டும் கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டத்தில் பொதுப் பூங்கா என்று குறிக்கப்பட்ட இடம் அது! பக்கத்திலுள்ள தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் தோற்று, 2021இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். கட்டமைப்புத் திட்டத்தை மாநகர் மன்றம் இஷ்டத்துக்கு ஒதுக்கிவிட முடியாது என்பது அதில் முக்கியமானது.

அந்தக் கட்டுமானத்தில் லயவீட்டு மக்களுக்கான வீடுகளும் இருந்ததால், பூங்காவா வீடா என்று இரு தரப்பு மோதுவதுபோல் ஆகிவிட்டது. இரண்டுமே நியாயமான கோரிக்கை. என்னைக் கேட்டால், ஏழைக்கு வீடு கொடுப்பதை மேம்பாட்டாளரின் லாபத்தோடு முடிச்சுப் போட்டதே தப்பு.

சரி, நம் ஊருக்கு வருவோம். முதலில் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள். தேசிய நிலச் சட்டம் 62ஆம் பிரிவின்படி பொதுக் காரியத்துக்கு ஒதுக்கி அரசிதழில் வந்திருந்தால், விசாரணை வைக்காமல் அந்த ஒதுக்கீட்டை நீக்க முடியாது. வெறும் திடலாக எல்லாரும் புழங்குவதால் மட்டும் இந்தப் பாதுகாப்பு வந்துவிடாது.

அப்புறம், உள்ளூர்த் திட்ட வரைவு. எந்த நிலம் எதற்கு என்று வரைபடத்தில் காட்டும் திட்டம் அது. கோலாலம்பூருக்குச் சட்டம் வேறு. சிலாங்கூரில் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டம் செல்லும். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில்தான் பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபிக்க 21 நாள் கொடுப்பார்கள். திட்டம் உள்ள ஊரில் அந்த அறிவிப்புக்குக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். வரைவு பார்வைக்கு வைக்கப்படும் சில வாரங்களிலேயே வரைபடத்தில் உங்கள் துண்டு நிலம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, சாப் குத்திய நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.