அடுப்புச் சுடரை ஓவனாக்கும் காற்றிடைவெளி

முகாமிலோ, வீடாக மாற்றிய வேனிலோ, ஒற்றை பர்னர் அடுப்பின்மீது கேக்கும் ரொட்டியும் சுட முயல்பவர்கள் முதலில் பெரும்பாலும் ஒரே விளைவைத்தான் காண்கிறார்கள்: அடி கருகிவிடுகிறது, நடுப்பகுதி பிசுபிசுக்கிறது, மேற்பரப்பு வெளிறி ஈரமாகவே இருக்கிறது. தீயைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் குறை தீயின் அளவில் மட்டும் இல்லை. வெப்பம் எந்த வழியாக, எவ்வளவு நிதானமாக மாவை அடைகிறது என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

ஓவனில் 160 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய சுவர்களும் காற்றும் உணவை எல்லாப் பக்கங்களிலிருந்தும் சூழ்ந்திருக்கும். அடுப்பிலோ வெப்பம் கீழிருந்து மட்டுமே வருகிறது. எரிவாயுச் சுடரின் மிகச் சூடான பகுதி ஏறத்தாழ 1,900 டிகிரியை எட்டக்கூடியது.

மாவுக்கு உள்ளே நடப்பதைப் பார்த்தால் இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது விளங்கும். மாவு சூடேறும்போது அதிலுள்ள வாயுக் குமிழிகள் விரிகின்றன. சுமார் 60 டிகிரிக்கு மேல் மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கெட்டிப்படத் தொடங்குகிறது. முட்டை சேர்த்திருந்தால் அதன் புரதங்களும் 60 முதல் 80 டிகிரிக்குள் இறுகுகின்றன. நடுப்பகுதி ஏறத்தாழ 95 டிகிரியை அடைந்தால் ரொட்டி வெந்துவிட்டது எனலாம். நீர் இருக்கும்வரை உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறத்தையும் மணத்தையும் தரும் மெயிலார்ட் வினையோ சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் விரைவடைகிறது. அந்த வெப்பநிலையை எட்ட மேற்பரப்பு முதலில் உலர்ந்தாக வேண்டும். ஆகவே ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில், உள்ளே நிதானமான வேக்காடும் வெளியே வறண்ட கடும் வெப்பமும் தேவைப்படுகின்றன. மாவு வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும் என்பதால், கீழே தீயைக் கூட்டி உள்ளே வேக்காட்டை விரைவுபடுத்த முடியாது; அடி கருகுவதுதான் விரைவுபடும்.

உண்மையில் தேவைப்படும் வெப்பம் எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அரை கிலோ மாவை 20 டிகிரியிலிருந்து 97 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 1,15,000 ஜூல் போதும். வேகும்போது அதிலிருந்து 50 கிராம் நீர் ஆவியாகும் என்று கொண்டால், அதற்கு இன்னும் 1,13,000 ஜூல் வேண்டும். கூட்டினால் சுமார் 2,30,000 ஜூல். இது ஏறத்தாழ 5 கிராம் எரிவாயு தரும் ஆற்றல். அரை மணி நேரத்தில் இதைச் செலுத்த வேண்டுமானால் மாவுக்குள் செல்ல வேண்டிய வீதம் 130 வாட் அளவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் சிறிய முகாம் அடுப்புகூட முழுத் தீயில் 2,000 முதல் 3,000 வாட் வரை தரக்கூடியது. பாத்திரமும் மூடியும் சுற்றுப்புறத்துக்கு இழக்கும் வெப்பத்தை ஈடுகட்டுவதற்காகத்தான் அந்த 130 வாட்டைவிட அதிகமாக எரிக்கிறோம். எனவே இங்கே வெப்பத்தை உண்டாக்குவது கடினமான வேலையே அல்ல; அதைக் கீழே தடுத்து நிறுத்தி மேலே கொண்டுசேர்ப்பதே கடினம்.

கீழே தடுக்கும் வேலையை மிகச் சிறப்பாகச் செய்வது வெறும் காற்று. காற்றின் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தின் கடத்துதிறனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். கனமான ஒரு பாத்திரத்தின் உள்ளே கம்பித் தாங்கி வைத்து, அதன்மேல் மாவுத் தட்டை அமர்த்தி மூடினால், சுடரின் சூட்டை நேரடியாக வாங்கும் உலோகமும் மாவைத் தாங்கும் உலோகமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடைவெளி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாவிட்டாலும், உலோகம் உலோகத்தைத் தொடும்போது பாயும் வெப்பத்தில் சிறு பகுதியே அதைக் கடந்து செல்லும். சிலர் அடியில் மணலோ உப்போ பரப்புகிறார்கள். அதுவும் வெப்பத்தைத் தாமதப்படுத்திச் சீராக்கும். ஆனால் சூடேற நெடுநேரம் பிடிக்கும், அந்த அளவுக்கு எரிவாயுவும் வீணாகும். ஆகவே தாங்கியையே நான் பரிந்துரைப்பேன்.

பாத்திரத்தின் உலோகத்துக்கும் இதில் பங்குண்டு. அலுமினியம் எவர்சில்வரைவிட 10 மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், குறுகிய பர்னரின் சூடு அதில் பக்கவாட்டில் விரைந்து பரவிவிடும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் சுடர் படும் வட்டம் அப்படியே அடியில் கரும்புள்ளியாகப் பதியும்.

மேற்பகுதிதான் கடினமானது. ஒரு பரப்பு வெளியிடும் கதிர்வீச்சு அதன் தனி வெப்பநிலையின் (மைனஸ் 273 டிகிரியைப் பூஜ்ஜியமாகக் கொண்டு அளக்கும் வெப்பநிலை) நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே 120 டிகிரியில் இருக்கும் மூடி, 200 டிகிரியில் இருக்கும் ஓவன் கூரை வெளியிடுவதில் பாதியைக்கூட உணவின்மேல் வீசுவதில்லை. விறகுத் தீயில் சமைப்பவர்கள் வார்ப்பிரும்புச் சட்டியின் மூடிமேலும் கங்குகளை வைப்பதும், பேக்கிங் செய்யும்போது அடியைவிட மூடியின்மேல் அதிகக் கங்குகளை அடுக்குவதும் இதனால்தான். எரிவாயு அடுப்பில் அது இயலாது என்பதால், சூடான காற்றையே மேலே அனுப்ப வேண்டியிருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஓம்னியா போன்ற அடுப்புமேல் ஓவன்கள் இதை எளிய வடிவமைப்பால் சாதிக்கின்றன. அடியில் நடுவே துளையுள்ள எஃகுத் தட்டு. அதன்மேல் நடுவில் குழல்போல் திறந்த வளைய வடிவ அலுமினியப் பாத்திரம். மேலே சிறு துளைகள் கொண்ட மூடி. சூடேறிய காற்று நடுத் திறப்பின் வழியே எழுந்து, மூடியின் அடியில் பரவி, மாவின் மேற்பரப்பைத் தழுவியபின் துளைகள் வழியே வெளியேறுகிறது. சுடர் மிகக் கடுமையாக இருக்கும் நடுப்புள்ளியில் மாவே இல்லை என்பதும், மாவின் எந்தப் பகுதியும் சூடான சுவருக்கு வெகு தொலைவில் இல்லை என்பதும் இதன் கூடுதல் நன்மைகள். பொதுவாக, வெப்பம் ஊடுருவ வேண்டிய தடிமன் பாதியானால் அதற்கான நேரம் ஏறத்தாழ கால் பங்காகிவிடும். வளையப் பாத்திரம் இல்லாதவர்கள் மாவைத் தாழ்வாக ஊற்றினாலே இந்தப் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

மூடியின் துளைகளை அடைத்துவிடக் கூடாது. முற்றிலும் மூடிய பாத்திரத்தில் நீராவி மூடியில் பட்டு நீராகி மீண்டும் மாவின்மேல் சொட்டுவதால், மேற்பரப்பு ஈரமாகி 100 டிகிரிக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. உணவு வேகும், ஆனால் சிவக்காது.

செய்முறையில், கீழ்த்தட்டை மட்டும் சில நிமிடங்கள் காலியாகச் சூடேற்றிவிட்டு, பிறகு மாவுப் பாத்திரத்தை வைத்துத் தீயைத் தணிப்பது நல்லது. ஒட்டாப் பூச்சுள்ள பாத்திரத்தை மட்டும் அவ்வாறு வெறுமையாகச் சூடாக்கக் கூடாது. சுமார் 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கித் தீங்கான புகையை வெளிவிடும். முதல் பாதி நேரத்தில் மூடியைத் திறக்காமல் இருப்பதும் அவசியம், ஏனெனில் இங்கே மூடியும் அதன் அடியில் தங்கிய காற்றுமே மேல்வெப்பம். வேன் சரிந்த தரையில் நின்றால் மாவு ஒரு பக்கம் தேங்கி ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் வேகும் என்பதால், அடுப்பின் மட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலைப்பகுதிகளில் கணக்கு மாறுகிறது. 3,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. உட்பகுதி அதற்குமேல் சூடேறாது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் குமிழிகளும் அளவுக்கு மீறி விரிந்து, மாவு இறுகுமுன்பே உடைந்து அமுங்குகின்றன. அங்கே பேக்கிங் பவுடரைக் குறைத்து, நீரைச் சற்றுக் கூட்டி, நேரத்தை நீட்டிக்க வேண்டும். கடுங்குளிரில் எரிவாயுவும் ஒத்துழைக்காது: பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், புரோப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும்.

வேனுக்குள் அரை மணி நேரம் அடுப்பை எரிப்பது தேநீர் போடுவது போன்றதல்ல. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகி, குளிர்ந்த சுவர்களில் படியும். ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். மணமும் நிறமும் அற்ற இந்த வாயு, ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைவதால், தலைவலியும் மயக்கமும் வரும்வரை தெரியாமலே ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே அடுப்பு எரியும் நேரம் முழுவதும் ஒரு சன்னலும் கூரைத் திறப்பும் திறந்தே இருக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிவை உணரும் கருவியைத் தரையை ஒட்டியும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை மூச்சு விடும் உயரத்திலும் பொருத்த வேண்டும்.