வயிற்றுப்போக்கில் வெறும் தண்ணீர் ஏன் போதாது?

ஒரு நாளில் நாம் உண்பதும் குடிப்பதுமாக உள்ளே போகும் நீர் சுமார் 2 லிட்டர். ஆனால் சிறுகுடலுக்கு வந்து சேர்வது 8 முதல் 9 லிட்டர். மிச்சமெல்லாம் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர் என்று உடம்பே சுரப்பது. அதில் பெருங்குடலுக்குப் போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றதைச் சிறுகுடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் குலைந்தால் வயிற்றுப்போக்கு.

சிறுகுடலின் உட்சுவரில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றால் கிடைக்கும் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று இன்னமும் எழுதுகிறார்கள். 2014-இல் ஸ்வீடனில் கணக்கிட்டபோது வந்தது சுமார் 30 சதுர மீட்டர்தான். அதுவே தாராளம். உறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளில் செல்கள் பிறந்து, மேலே ஏறி, மூன்று முதல் ஐந்து நாளில் நுனியிலிருந்து உதிர்கின்றன. குழியில் இருக்கும்போது நீரைச் சுரப்பதும், மேலே வந்தபின் உறிஞ்சுவதும் அவற்றின் வேலை.

நீரைத் தனியாக இழுக்கும் பம்பு எதுவும் குடலில் இல்லை. உப்பிலுள்ள சோடியம் செல்லுக்குள் போனால் நீர் அதன் பின்னால் போகும். சோடியம் நுழையும் வழிகளில் ஒன்று எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் இரண்டு சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும்.

காலரா நச்சு, குழிச் செல்களில் குளோரைடு வெளியேறும் வாய்க்கால்களைத் திறந்தே வைத்துவிடுகிறது. சோடியமும் நீரும் கூடவே கொட்டுகின்றன. சாதாரண உப்பு உறிஞ்சலும் முடங்குகிறது. ஆனால் எஸ்ஜிஎல்டி1-ஐ அது தொடுவதில்லை. உப்பும் குளுக்கோஸும் தண்ணீரில் கரைத்த ஓஆர்எஸ் கரைசல் நுழைவது அந்த வழியாகத்தான். 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியாகவே கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இன்றைய பாக்கெட்டில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம். தண்ணீர் அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். 200 மில்லி பாக்கெட்டும் ஒரு லிட்டர் பாக்கெட்டும் கடையில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். உறையைப் படித்துக் கரைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடி, குழந்தைக்கு ஆபத்தாகும். ருசிக்காகச் சர்க்கரை கூட்டினால், உறிஞ்சப்படாத சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். குளிர்பானத்தின் சிக்கலும் இதுவே: சர்க்கரை மிகுதி, சோடியம் சொற்பம்.

பாக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் தூள் உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதுதான். அதன் மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைகிறது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போனபிறகும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். ஓஆர்எஸ் போக்கை உடனே நிறுத்தாது, இழந்த நீரைத்தான் ஈடுகட்டும். இது புரியாமல் ‘கேட்கவில்லை’ என்று பாதியில் விடுபவர்கள் ஏராளம். கண் குழிவிழுந்து, குழந்தை துவண்டு, குடிக்கவும் முடியாமல் போனால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது சலைன் ஏற்றினால்தான் உயிர் தப்பும்.