மதிலோரக் குழாயும் கச்சான் வெயிலும்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில்தான் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் இதைக் கவனித்தேன். டேங்கிலிருந்து பூமரங்களுக்குப் போகும் அரை அங்குல பிவிசி குழாய், மதிலோரமாக 8 மீற்றர் தூரம் வெயிலிலேயே கிடக்கிறது. மேலே டேங்கடியில் நீரை மறிக்கும் கேட் வால்வும் பூட்டு, கீழே குழாய் முனையில் நீர் பிடிக்கத் திருகும் பைப்பும் பூட்டு. மத்தியானம் அந்தப் பைப்பைத் திருகினால், கைபொறுக்காத சூட்டில் சுர்ரென்று ஒரு பீச்சு. அடுத்த நொடி வெறும் சொட்டுத்தான்.

டேங்க் 5 மீற்றர் உயரத்தில் இருந்தால் கீழே கிடைப்பது ஏறத்தாழ அரை பார் அமுக்கம். கேட் வால்வ் திறந்திருக்கும்வரை எந்த வெயிலும் இதைக் கூட்டாது. சூடேறிய நீர் விரிந்து, மேலே டேங்குக்குள்ளேயே ஏறிவிடும்.

இரண்டு பக்கமும் பூட்டினால் கதை வேறு. அந்தக் குழாய்க்குள் இருப்பது சுமார் 1.4 லீற்றர் நீர். அது 30 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடேறும்போது கிட்டத்தட்ட 11 மில்லிலீற்றர் கூடுகிறது. பிவிசியும் சூட்டில் விரியும் என்பதால் அதில் பாதிக்கு இடம் கிடைக்கிறது. மீதி ஒரு தேக்கரண்டி அளவு நீருக்குப் போக்கிடம் இல்லை. நீரை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம். ஆகவே அந்தத் தேக்கரண்டி நீர் குழாயின் சுவரைத்தான் தள்ளும். காற்று இல்லாமல் நிரம்பிய குழாயில் இது டேங்க் தரும் அமுக்கத்தைப் பல மடங்கு தாண்டிவிடும். நான் கண்ட பீச்சு அதுதான்.

இரும்புக் குழாய் இவ்வளவுகூட விட்டுக்கொடுக்காது. அதில் ஒரு பாகை கூடினாலே ஏறத்தாழ 5 பார் ஏறும். 50 மீற்றர் உயரத்து நீர்த்தாங்கி தரும் அமுக்கம் அது!

பிவிசிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 23 பாகையில் அது தாங்கும் அமுக்கத்தில் பாதியைத்தான் 43 பாகையில் தாங்கும். அமுக்கம் உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில்தான் குழாயும் இளகி நிற்கிறது. ஒட்டிய மூட்டுகள் மத்தியானத்தில் கசிந்து, பொழுதுபட்டதும் தானாக நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது நான் கேட் வால்வைப் பூட்டுவதில்லை. கீழேயுள்ள பைப்பை மட்டும் பூட்டுகிறேன். முடிந்தவர்கள் குழாயை ஒரு அடி ஆழத்தில் புதைக்கலாம், இல்லாவிட்டால் வெள்ளை பெயின்ற் பூசலாம்.

பூட்டிய குழாய்க்குள் இரவில் இதே சங்கதி தலைகீழாக நடக்கும். நீர் குளிர்ந்து சுருங்க, கசியும் மூட்டு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். காலையில் பைப்பைத் திறந்ததும் புர்ரென்று முதலில் வருவது அந்தக் காற்றுத்தான்.