கலங்கல் நீரோட்டமா, கொந்தளிப்பு நீரோட்டமா?

சுங்கை சிப்புட்டில் மாணவர்களுக்காக நடந்த அறிவியல் வகுப்பொன்றில், கடலடிக் கேபிள்களை அறுக்கும் நீரோட்டத்தைப் பேச்சாளர் ‘கொந்தளிப்பு நீரோட்டம்’ என்றார். இவ்வாண்டில் அச்சொல்லை நான் கேட்பது இது மூன்றாம் முறை.

அதைக் ‘கலங்கல் நீரோட்டம்’ என்பதே பொருத்தம். அதன் ஆங்கிலப் பெயரான ‘டர்பிடிட்டி கரண்ட்’ என்பதன் முதற்சொல், ‘கலங்கிய’ எனப் பொருள்படும் ‘டர்பிடுஸ்’ என்னும் இலத்தீனிலிருந்து வந்தது. கொந்தளிப்பைக் குறிக்கும் ‘டர்புலன்ஸ்’ அதே வேரில் கிளைத்தது. குழப்பம் அங்கேதான் பிறந்தது.

கண்டத்தின் விளிம்பில் கடல் ஆழமாகும் கண்டச்சரிவில் தங்கிய மண்ணும் மணலும் நிலநடுக்கத்தால் சரிந்து நீரோடு கலக்கும்போது, அக்கலவை சுற்றியுள்ள தெளிநீரைவிடக் கனத்துக் கடல்தரையை ஒட்டியே இறங்குகிறது. 1929 நவம்பர் 18 அன்று நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலம் அதிர்ந்தபின், அட்லாண்டிக் தந்திக் கேபிள்கள் மேட்டிலிருந்து ஆழத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக 13 மணி நேரத்துக்கும் மேலாக அறுந்துகொண்டே போயின. அதற்குக் காரணம் இந்நீரோட்டமே என்று கடலடி ஆய்வாளர்களான ஹீசனும் யூவிங்கும் 1952-இல் விளக்கினர்.

ஓட்டத்தின் உள்ளே கொந்தளிப்பு உண்டே என்பார்கள். உண்டுதான், மண்துகள்களை அடியில் படியவிடாமல் தாங்குவதே அது. ஆயினும் காட்டாறும் கொந்தளிக்கிறது, குழாய்நீரும் கொந்தளிக்கிறது. இவ்வோட்டத்தைச் சரிவில் இழுத்துச் செல்வதோ கலங்கலின் கனம். மேலும், ஓட்டம் தளர்ந்தபின் பருமணல் கீழும் நுண்மண் மேலுமாகப் படியும் ‘டர்பிடைட்’ அடுக்கை என்னவென்பார்கள்? கொந்தளிப்பு அடங்கியதால் உண்டான படிவுக்குக் ‘கொந்தளிப்புப் படிவு’ என்று பெயரிடுவது, உறங்குகிறவனை ஓட்டக்காரன் என்பதற்கு ஒப்பாகும். கலங்கற்படிவு என்றால் சிக்கலே இல்லை. ‘வண்டல் நீரோட்டம்’ என்பாரும் உளர். வண்டல் என்பது படிந்த மண், இதுவோ இன்னும் படியாதது.

மறுநடவுக்காகச் செம்பனை சாய்த்த மேட்டில் ஒரு மழை பெய்தால், செம்மண் கரைந்து ஆற்றில் தேநீர் நிறத்தில் இறங்குவதைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் கண்டிருப்பர். “ஆறு கலங்கலா வருது, துணிய எடு” என்று பால்மரம் வெட்டிய என் தாயார் லயத்து வாசலிலிருந்து கூவியது இன்னும் காதில் இருக்கிறது. மலாக்காவின் ஆயர் கெரோ என்னும் ஊர்ப்பெயரின் பொருளும் கலங்கிய நீரே. ஐங்குறுநூற்றுத் தலைவி பாலினும் இனிதென்று சொன்ன, மான் குடித்து எஞ்சிய நீரும் ‘கலிழி நீர்’, அதாவது கலங்கல் நீர்தான். இத்தனையும் அருகிருக்க, அகராதியில் பக்கத்து வரியைப் பார்த்து எழுதும் மொழிபெயர்ப்பாளர்களை என்னென்பது!

ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் இடத்துக்கும் தமிழகத்தில் கலங்கல் என்று பெயருண்டே என நண்பர் ஒருவர் தடுத்தார். ‘நீரோட்டம்’ என்று சேர்த்துச் சொன்னபின் கடலடியில் எவரும் ஏரிக்கரையைத் தேடமாட்டார்.