நூறு பெட்டி திறந்தால் கட்டாயம் விழுமா?

உப்புவெளியிலிருந்து வந்தாலும் கிண்ணியாவிலிருந்து வந்தாலும் உளவளத்துணைக்கு வருகிற பெற்றோரின் முறைப்பாடு இப்போது ஒரே மாதிரித்தான் இருக்கிறது. ஆசைப்பட்ட பொருள் விழுமென்று பிள்ளை கேமுக்குள் காசு கொடுத்து, என்ன வருமென்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டிகளைத் திறந்து, 'ஸ்பின்' போட்டுப் போட்டே அம்மாவின் கார்டில் இருந்த காசை முடித்துவிட்டது. இப்படி இன்னுமொன்று வந்த பிறகும் பேசாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகள் சொல்லும் விளக்கமும் ஒன்றேதான்: "ஒரு சதவீதம் எண்டு போட்டிருக்கு. நூறு தரம் திறந்தா ஒண்டு விழத்தானே வேணும்?" விழ வேண்டியதில்லை. சாதாரண தரத்தில் நிகழ்தகவு படித்த பிள்ளையே இப்படிச் சொல்வதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு பெட்டியில் விழாமல் போக 0.99 வாய்ப்பு. அதை நூறு தரம் பெருக்கிப் பாருங்கள், 0.366 வரும். அதாவது நூறு பிள்ளைகள் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால், ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடுதான் எழும்புவார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு வரவே 69 பெட்டி வேண்டும். 90 சதவீத வாய்ப்புக்கு 230, 95 சதவீதத்துக்கு 299. அவ்வளவு திறந்தும் நூறில் ஐந்து பேருக்கு ஒன்றும் இல்லை. "இவ்வளவு நேரமும் விழேல்ல, இனி விழத்தான் வேணும்" என்பதும் பிழை. முன்னைய பெட்டிகளில் என்ன வந்தது என்பது அடுத்த பெட்டிக்குத் தெரியாது.

சில கேம்களில் 'இத்தனை தரம் திறந்தால் நிச்சயம்' என்ற உத்தரவாதம் உண்டு. அதையும் முழுதாக வாசிக்க வேண்டும். கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமில், அரிதான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் விழும் வாய்ப்பு ஒரு தரத்துக்கு 0.6 சதவீதம், 90ஆவது தரம் நிச்சயம். ஆனால் அந்த 90இல் வருவது பிள்ளை ஆசைப்பட்ட கதாபாத்திரமாக இருக்க வேண்டுமென்றில்லை. அது வேண்டுமென்றால் அதிர்ஷ்டம் கைவிட்ட பிள்ளை 180 தரம் வரை போக வேண்டும். ஒரு தரத்துக்கு 160 பிரைமோஜெம் (கேமுக்குள் செல்லும் காசு), ஆகவே 28,800. கிட்டத்தட்ட 100 டொலர் பொதியில் வழமையாகக் கிடைப்பது 8,080 கிறிஸ்டல்; ஒரு கிறிஸ்டல் ஒரு பிரைமோஜெம்மாக மாறும். நாலு பொதி வாங்க வேண்டிவரும். காசு கிறிஸ்டலாகி, கிறிஸ்டல் பிரைமோஜெம்மாகி, அது பிறகு திறக்கும் சீட்டாகிறது. இத்தனை தரம் பெயர் மாறிய பிறகு, தான் செலவழிப்பது அம்மாவின் சம்பளம் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஆகவே வாய்ப்பு வீதத்தை வெளியிட வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் வெளியிட வேண்டும். சீனா 2017 மே மாதத்திலேயே கேம் கம்பனிகளிடம் இதைக் கேட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அப்பிள் தன் அப் ஸ்டோருக்கு விதியாக்கியது, 2019இல் கூகுள் பிளே. தென்கொரியாவில் 2024 மார்ச் 22 முதல் சட்டம். சட்டம் ஏன் வேண்டும் என்பதற்கும் கொரியாவே சாட்சி: மேப்பிள்ஸ்டோரி கேமில் காசு கொடுத்து வாங்கும் 'கியூப்' (ஆயுதங்களின் சக்திகளைக் குலுக்கல் முறையில் மாற்றும் பொருள்) தரும் வாய்ப்பு வீதத்தை விளையாடுபவர்களுக்குச் சொல்லாமல் குறைத்ததற்காகவும், சில சக்திச் சேர்க்கைகளை வரவே வராதபடி பூச்சியமாக்கியதற்காகவும், 2024 ஜனவரியில் நெக்சன் நிறுவனத்துக்கு 11.6 பில்லியன் வொன் தண்டம் விழுந்தது. கம்பனியின் நல்ல மனதை நம்பி விடக்கூடிய விஷயமல்ல இது.

வெளியிடும் விதமும் முக்கியம். ஒரு சின்னக் கேள்விக்குறிக்குப் பின்னால் நாலு பக்க அட்டவணையாக வைத்தால் யார் வாசிப்பது? வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, ரூபாயில், 'இது கிடைக்கச் சராசரியாக இவ்வளவு செலவாகும், இவ்வளவு செலவழித்தும் கிடைக்காமல் போகலாம்' என்று இருக்க வேண்டும். பிஸ்கட் பைக்கற்றில் நிறையும் விலையும் போடச் சொல்லும் இலங்கை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இதையும் கையிலெடுக்க வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸுக்குள் போய், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். பிள்ளையின் கைரேகை உங்கள் போனில் பதிந்திருந்தால் உடனே அழியுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பூட்டால் பயனில்லை. பிளே ஸ்டோரில் உள்ள மாத வரவுசெலவு எல்லையை நம்ப வேண்டாம், அது எச்சரிக்கும், தடுக்காது. ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் அப் உள்ளே வாங்குவதை முற்றாக நிறுத்தலாம். கார்டை போனில் சேமித்து வைக்காதீர்கள். ஓடிபி வந்தால் "போன்ல என்னவோ வந்திருக்கு, பார் தம்பி" என்று பிள்ளையிடமே நீட்டாதீர்கள்.

காசு போய்விட்டதென்றால் அடிப்பதை விட்டு, முதலில் பற்றுச்சீட்டு மின்னஞ்சலைத் தேடுங்கள். கூகுள் பிளேயில் 48 மணித்தியாலத்துக்குள் கேட்டால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கடையில் காசு கொடுத்து, கேம் ஐடி சொல்லி டொப் அப் செய்ததென்றால் அந்த வழி இல்லை. டொப் அப் செய்யும் கடைக்கார அண்ணன்மாரே, பள்ளிச் சீருடையோடு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள்.

காசைத் திரும்ப எடுக்கலாமென்று மேலும் மேலும் போடுவது, இரவு நித்திரையில்லாமல் இருப்பது, பொய் சொல்லத் தொடங்குவது, இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது.