பகிரும் மனமும் காத்திருக்கும் பொறுமையும் உருவாகும் விதம்

கையிலிருப்பதைப் பிறருடன் பகிர்வதையும், பிறகு கிடைக்கவிருக்கும் பெரிய பலனுக்காக இப்போதைய சிறு பலனை விட்டுக்கொடுப்பதையும் பிறவிக் குணங்களாகவே பலர் கருதுகின்றனர். மரபணுக்களுக்கு இதில் பங்குண்டு. ஆனால், சுற்றியுள்ளவர்களை எவ்வளவு நம்பலாம் என்று குழந்தை அனுபவத்தில் கண்டறிவதும் இக்குணங்களை உருவாக்குகிறது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் நடத்தி, 2013-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. படம் வரைவதற்கு இன்னும் நல்ல பொருள்களைக் கொண்டுவருவதாக 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் ஆய்வாளர் சொன்னார். பாதிப் பேருக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார். மற்றவர்களிடம் வெறுங்கையுடன் திரும்பினார். அதன்பின், தான் வரும்வரை தின்னாமலிருந்தால் இன்னொன்று தருவதாகக் கூறி ஒரு மிட்டாயை வைத்துச் சென்றபோது, முதல் பிரிவினர் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடங்களே காத்திருந்தனர். இவர்களைப் பொறுமையற்றவர்கள் என்று குறைகூறுவது நியாயமாகாது. சொன்ன சொல் காப்பாற்றப்படாத இடத்தில், கையிலிருப்பதை உடனே தின்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டுச் சண்டை குழந்தையை மிக இளம் வயதிலேயே எட்டுகிறது. பெற்றோர் அதிகம் சச்சரவிடும் வீடுகளில் வளரும், ஒரு வயதுகூட நிறையாத குழந்தைகளின் மூளை, உறக்கத்திலும் கோபக் குரலுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டுவதை ஒரேகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் பதிவு செய்தனர்.

போர் ஏற்படுத்தும் மாற்றம் வேறுவகையானது. 2008-ஆம் ஆண்டுப் போரைச் சந்தித்த ஜார்ஜியா நாட்டிலும், 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்த ஆப்பிரிக்க நாடான சியரா லியோனிலும், மிகல் பாவர் குழுவினர் பகிர்வுச் சோதனைகளை நடத்தினர். ஏறத்தாழ 7 முதல் 20 வயதுக்குள் போரால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் சுயநலமிகளாக மாறியிருக்கவில்லை. குறைவாகப் பாதிக்கப்பட்டவர்களைவிடத் தம் குழுவினருடன் அதிகச் சமமாகப் பகிர விரும்பினர். ஆயினும் அந்தப் பரிவு குழுவுக்கு வெளியே இருந்தவர்களை எட்டவில்லை. ஒற்றுமையைப் போற்றும் அதே மனம் அயலாரை விலக்கக் கற்றுக்கொள்வதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இவ்வாறு உருவான இயல்பு மாறக்கூடியதுதான். ஜெர்மனியின் பான், கொலோன் நகரங்களில், வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த தொடக்கப்பள்ளிக் குழந்தைகளில் சிலர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, இளம் தன்னார்வலர்கள் ஏறத்தாழ ஓராண்டு அவர்களுடன் தவறாமல் நேரம் செலவிட்டனர். பிறரிடம் நம்பிக்கையும் பகிரும் விருப்பமும் அக்குழந்தைகளிடம் கூடின. திட்டம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த மாற்றம் நீடித்தது. தேர்வு குலுக்கலில் நடந்ததால், மாற்றத்துக்குக் காரணம் அந்தத் துணையே என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அத்துணையைத் தந்தவர்கள் பெற்றோரோ உறவினரோ அல்லர்.